கட்டிப்போட்ட கிரேன்

திருவொற்றியூரில் கிரேன் வேலை கற்றுத்தரும் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற ரிக்கர். பாரத்துக்குக் கயிறு கட்டி, கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையால் சைகை காட்டி, தூக்கியதைச் சேர வேண்டிய இடத்தில் பூப்போல உட்கார வைப்பது என் வேலை. எங்கள் ஹார்பரில் கலாசி என்பார்கள்.

போய்ப் பார்த்தால் முன்வரிசையில் மூன்று பெண்கள், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் கிரேன் ஓட்டக் கற்கிறவர்கள். என் காலத்தில் இல்லாத காட்சி இது என்பதால் எனக்கு அவர்களிடம் கேட்கத்தான் நிறைய இருந்தது. ஆனால் கேள்வி அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. எண்ணூர்க்காரப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"கம்பெனி மூடி நடுத்தெருவுல வுட்டுட்டாங்கன்னு சொன்னீங்களே சார். அப்பால இன்னாத்துக்கு மறுபடியும் அதே ஊருக்குப் போனீங்க?"

குடும்பச் சூழ்நிலை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மளிகைக் கடை வைத்தவர். அண்ணன் பொன்ராஜ் கடையோடு வளர்ந்தார். நான் கடை வாசலோடு வளர்ந்தேன். தொழிற்சாலைகளில் செய்த பெரிய பெரிய பாய்லர்களை நீளமான டிரெய்லரில் ஏற்றி அந்தச் சாலை வழியாகத்தான் ஹார்பருக்குக் கொண்டுபோவார்கள். முன்னால் ஒருவர் மூங்கில் கழியால் கரண்டு கம்பிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பார். வண்டி மாட்டைவிட மெதுவாகப் போகும். நான் அதன் பின்னாலேயே ஹார்பர் கேட் வரை போய்விடுவேன். இதைக் கப்பலில் எப்படி ஏற்றுவார்கள் என்று கேட்டுக்குள் எட்டிப் பார்ப்பேன். காவலர் துரத்துவார். உள்ளே போக ஒரே வழி அங்கே வேலைக்குச் சேர்வதுதான் என்று புரிந்தது. சேர்ந்தேன். எண்ணூரில் சில வருடம், ஹார்பரில் சில வருடம், பிறகு வளைகுடா.

அங்கே ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனி. ஆயிரக்கணக்கில் ஆட்கள். எனக்குக் கிடைத்த கிரேன் ஆபரேட்டர் இஸ்மாயில், தண்டையார்பேட்டைக்காரன். அவன் மேலே கேபினில், நான் கீழே. பல வருடம் அப்படியே. நான் தோளை அசைத்தால் போதும், அவனுக்குப் புரியும். ஊரில் இருக்கும் வீட்டோடு போனில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் கொக்கி இறங்குகிற விதத்திலேயே எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அந்தக் கம்பெனி விழுந்துவிட்டது என்றார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். எதுவும் விழவில்லை. பாதி கட்டிய கட்டடம் நின்றது. பஸ்கள் வரிசையாக நின்றன. மூன்று டவர் கிரேன்களும் நின்றன. விழுந்தது எது, எங்கே விழுந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. மெஸ்ஸில் முட்டை நின்றது. பிறகு சம்பளம் நின்றது. பிறகு பஸ் வரவில்லை. கடைசியில் இன்ஜினியர்களும் வரவில்லை. அந்த வரிசையில்தான் ஒரு கம்பெனி விழும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசி நாளில் இஸ்மாயில் இரண்டாம் நம்பர் கிரேனில் ஏறி முறைப்படி எல்லாம் செய்தான். கொக்கியை மேலே ஏற்றினான். சுழலும் பாகத்தின் பிரேக்கை விடுவித்தான். வெளியாட்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். டவர் கிரேனை நிறுத்திவிட்டுப் போவது என்றால் கட்டிப்போடுவதல்ல, அவிழ்த்துவிடுவது. பூம் என்று நாங்கள் சொல்லும் அந்த நீண்ட கை, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் தானாகத் திரும்பி நிற்க வேண்டும். பூட்டி வைத்தால் காற்று முழுவதையும் பக்கவாட்டில் வாங்கும். பலத்த காற்றில் கிரேனே சாய்ந்துவிடும்.

தூதரகம் டிக்கெட் போட்டுக் கொடுத்தது. ஆளுக்கொரு பையோடு ஊர் வந்து சேர்ந்தோம்.

ராயபுரத்தில் என் மனைவி ஸ்டெல்லா ஒரு டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்தாள். அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. நான் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் மனதார இடம் கொடுத்தார், அதில் குறையே சொல்ல முடியாது. பருப்பு வகைகளை என் பொறுப்பில் விட்டார். நான் அரிசி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி அடுக்கினால் அடி மூட்டையை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் இறக்க வேண்டும், அப்படி அடுக்கினால் வேண்டாம் என்று ஒரு மதியம் முழுவதும் மாற்றி அடுக்கினேன்.

அண்ணன் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்து பார்த்தார். "மூட்டைய அடுக்குறதுக்கு இவ்வளவு யோசனையாடே? கல்லாவுல வந்து உக்காரு. இனி எவன்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம். இது நம்ம கடை, மூடாது."

அவர் சொன்னது சரி. அது மூடாத கடை. எனக்குத்தான் நாற்காலி சுட்டது.

இரண்டாவது கோடையும் கழிந்த பிறகு நிஷா மேடம் போன் செய்தார். பழைய கம்பெனியில் ஜூனியர் இன்ஜினியராக இருந்த மலையாளப் பெண். என்னைவிடப் பல வயது இளையவர். தமிழ் நன்றாகவே பேசுவார், நடுவில் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

"தங்கராஜண்ணா, நான் இப்போ ஒரு சின்ன கம்பெனியில இருக்கேன். சின்னதுன்னா ரொம்பச் சின்னது. பழைய கம்பெனி சொத்தையெல்லாம் விக்கறதுக்குக் கோர்ட்டு போட்ட ஆளு, அந்த மூணு கிரேனையும் இறக்கித் தரச் சொல்லி வேலை கொடுத்திருக்கார். பழைய ஆட்கள் வேணும். மூணு மாசம் வேலை உண்டு. அதுக்கு மேல எனக்கே தெரியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வைக்கப் போகும்போது அவர் சொன்னார்: "ஒரு விஷயம் அண்ணா. ரெண்டாம் நம்பர் கிரேன் சுத்தறதில்ல. மத்த ரெண்டும் காத்துக்குத் திரும்புது. அது மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது."

அன்று பருப்பை எடை போட்டுக்கொண்டே அதைத்தான் யோசித்தேன். ஏன் சுற்றவில்லை? துருவா? மணலா? பிரேக் தானாக விழுமா? மாலையில் இஸ்மாயிலைத் தேடிப் போனேன். அவன் அப்போது ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஆள் சேரும்வரை கல்மண்டபத்தில் வண்டியை நிறுத்தியிருந்தான்.

"வேணாம் மாமு," என்றான் நான் சொல்லி முடிக்கும் முன்பே. "ஒரு வாட்டி பட்டது போதாதா? பெரிய கம்பெனியே பூட்ச்சு. இது இன்னாது, ரெண்டு பேரு கம்பெனி."

"நான் போலாம்னு சொல்லல. அது ஏன் சுத்தலன்னு கேக்குறேன்."

"இன்னாது சுத்தல?"

"உன் ரெண்டாம் நம்பரு. நீ பிரேக்க விட்டுட்டுதானே எறங்குன?"

இஸ்மாயிலின் முகம் மாறியது. "இன்னா கேக்குற நீ? என் கையால ரிலீஸ் பண்ணேன். கேபின்லருந்து எறங்கறதுக்கு மின்ன அது சுத்துதான்னு நின்னு பாத்துட்டுதான் எறங்குனேன்."

"அப்ப ஏன் நிக்குது?"

ஆட்டோவில் ஆள் சேர்ந்துவிட்டது. போய்விட்டான். மறுநாள் காலையில் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே கேட்டான்: "எப்ப கெளம்பணுமாம்?"

ஸ்டெல்லாவிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"போன தபா நீ அங்க மாட்டிகினு இருந்தப்போ நான் தூங்குனேனா இல்லியான்னு உனக்குத் தெரியுமா? இப்ப கம்பெனியே இல்லாத எடத்துக்குப் போறேன்ற. அங்க இன்னா பாக்கப் போற?"

"ஒரு கிரேன் சுத்த மாட்டேங்குது. ஏன்னு பாக்கணும்."

"அத்த போன்லயே கேளு."

அதற்குமேல் ஒரு வாரம் பேசவில்லை. அண்ணனும் பேசவில்லை. கிளம்புகிற அன்று பையில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் கேட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது உள்ளிருந்து பூட்டியிருந்தது. நிஷா மேடம் தகரத்தைத் தட்டினார். சாவியோடு ஒரு மெலிந்த மனிதர் வந்தார். பழைய கம்பெனியின் சட்டை, சாயம் போய் வெள்ளையாகிவிட்டது. எங்களையும் எங்கள் ஹெல்மெட்டுகளையும் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "கம்பெனி திரும்ப வந்துவிட்டதா?"

அவர் பெயர் ரஃபிக். வங்காளதேசத்துக்காரர், வாட்ச்மேன். எங்களையெல்லாம் கணக்கெடுத்து அனுப்பியபோது அவர் கேட்டில் காவலில் இருந்ததால் கணக்கில் விட்டுப்போயிருக்கிறார். தான் சொல்லும்வரை கேட்டை விட்டு நகரக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். பிறகு அந்த சூப்பர்வைசரும் ஊருக்குப் போய்விட்டார். ரஃபிக்கின் பாஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்தில். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. எதிரே டீக்கடைக்காரர் சாப்பாடு போட்டார். பக்கத்துக் குடியிருப்பில் கார் கழுவிக் கொஞ்சம் சம்பாதித்தார். இரண்டு கோடைகளும் அந்த மனிதர் யாருமில்லாத கட்டடத்துக்குக் காவல் இருந்திருக்கிறார்.

நிஷா மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் பல மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். கத்துகிறவர்கள் உண்டு, கண்டுகொள்ளாதவர்கள் உண்டு. இவர் வேறு மாதிரி. வந்த முதல் இரண்டு நாள் எதையும் தொடவிடவில்லை. பெயின்ட் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்க்கில் பால் இல்லாத கட்டன் சாயாவை வைத்துக்கொண்டு, கிரேன்களை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். என்ன தோன்றுகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். சொன்னால் "பின்னே?" என்பார். நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும்வரை அந்த "பின்னே?" நிற்காது.

இஸ்மாயில் பிரேக் இல்லை என்று அடித்துச் சொன்னான். கூட இருந்த நேபாளி வெல்டர் துரு என்றார். நான் பூமின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். துருப்பிடித்து இறுகியிருந்தால் அசையவே கூடாது. இது கொஞ்சம் அசைந்தது. அசைந்து, ஓர் இடத்தில் வெட்டி நின்றது. கயிறு எட்டும்வரை போய் நிற்கிற ஆடு மாதிரி.

அதைச் சொன்னேன்.

"பின்னே?" என்றார் மேடம்.

"யாரோ கட்டியிருக்காங்க மேடம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி நின்றிருந்த ரஃபிக்கைப் பார்த்தார். அவர் தலை குனிந்து நின்றார். மேடம் டிரம்மிலிருந்து எழுந்து, அவரை அதில் உட்கார வைத்து, பிளாஸ்க் மூடியில் சாயாவை ஊற்றிக் கொடுத்தார். பிறகுதான் கேட்டார்.

ரஃபிக் மெதுவாகச் சொன்னார். அந்தக் கிரேன் காற்றில் திரும்பும்போதெல்லாம் கீச்சென்று அலறுமாம். எண்ணெய் இல்லாத வளையம், மணல் வேறு. பக்கத்துக் குடியிருப்பில் குழந்தைகள் அலறி எழுந்தார்கள். புகார் போனது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, இந்தச் சத்தத்தை நிறுத்து, இல்லாவிட்டால் உன்னைத்தான் கொண்டுபோவேன் என்றார். பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு அது போதும். கேட்டுக்குப் போடும் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து ஏணியே ஏறாத மனிதர் அத்தனை உயரம் ஏறியிருக்கிறார். சுழலும் பாகத்தையும் சுழலாத கோபுரத்தையும் சேர்த்துக் கட்டிப் பூட்டுப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். சத்தம் நின்றது. நல்லது செய்ததாக நினைத்திருக்கிறார்.

இஸ்மாயில் கொதித்துவிட்டான். "இன்னா வேல பண்ணி வச்சிக்கீற தெரியுமா? ஒரு பெரிய காத்து அடிச்சிருந்தா அந்த வூட்டு மேலயே சாஞ்சிருக்கும்யா."

மேடம் கையைத் தூக்கினார். "சத்தம் போட்டா அவர் மீதியைச் சொல்ல மாட்டார் இஸ்மாயில்."

மீதி இருந்தது. சங்கிலியைக் கோபுரத்தின் எந்தக் காலைச் சுற்றி, எத்தனை சுற்று போட்டார் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. பூட்டின் சாவி மட்டும் தொலைந்துவிட்டது. இன்னொன்றும் சொன்னார். தினமும் காலை வெயில் ஏறும் நேரத்தில், தரைக்காற்று ஓய்ந்து கடல்காற்று கிளம்பும் முன், கொஞ்ச நேரம் சங்கிலி தளர்ந்து தொங்குமாம். கீழே இருந்தபடி சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியுமாம்.

மறுநாள் நானும் இஸ்மாயிலும் இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு ஏறினோம். இஸ்மாயில் முதலில் கேபினுக்குள் போய் பிரேக்கைப் பார்த்தான். விட்டது விட்டபடியே இருந்தது. பிரேக்கைத் தட்டிக் கொடுத்தான்.

பிறகு சங்கிலியைப் பார்த்தேன். வீணைத் தந்தி போல இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணிகள் கோபுரத்தின் இரும்பைக் கடித்துத் தின்றிருந்தன. ஸ்பேனரால் தட்டினேன். கிண் என்றது. இத்தனை நாள் காற்றின் தள்ளல் முழுவதையும் அந்தச் சங்கிலி வாங்கியிருக்கிறது. ஈரத்துணியை முறுக்கிப் பிடித்தால் எப்படி இருக்குமோ, அப்படிக் கோபுரமே முறுக்கிக்கொண்டு நின்றது.

கீழே வந்து சொன்னோம். மறுநாள் மேடமே ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் சுத்தியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். இறங்கி வரும்போது எங்கள் சின்னக் கம்பெனி முதலாளியின் போன். கேஸ் கட்டர் வைத்துச் சங்கிலியை வெட்டிவிட்டு வேலையைப் பாருங்கள், ஏற்கெனவே நாள் போய்விட்டது என்று அவர் சொல்வது எங்களுக்கே கேட்டது.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "வெட்டினா ரெண்டு நொடியில முடியும் சார். எது முடியும்னுதான் தெரியாது." சுத்தியைத் தரையில் வைத்தார். "முறுக்கு திடீர்னு விட்டா உதறும். ரெண்டு வருஷம் யாரும் பார்க்காத போல்ட் அது. நான் ஆள் அனுப்ப மாட்டேன்."

எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு வேலைதான். அந்த மனிதர் கோபத்தில் போ என்று சொல்லியிருந்தால் எல்லோரும் அடுத்த விமானத்தில் ஊருக்கு வர வேண்டியதுதான். அவர் முனகிக்கொண்டே வைத்துவிட்டார்.

முறை இப்படி முடிவானது. சங்கிலிக்கு இரு பக்கமும் இரண்டு செயின் பிளாக் மாட்டுவது. கையால் இழுத்தால் பல் பல்லாக இறுகுகிற, அதேபோல் பல் பல்லாகத் தளர்கிற கருவி அது. காற்று ஓயும்போது செயின் பிளாக்குகளை இறுக்கி, சங்கிலியின் சுமையை அவற்றுக்கு மாற்றுவது. நடுவில் காற்று கிளம்பினால் சிறிது நேரம் அவை தாங்கும், அதிக நேரமல்ல. சங்கிலியை எடுப்பது. அதன் பிறகு செயின் பிளாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கோபுரத்தின் முறுக்கை அது அறியாமலே எடுத்துவிடுவது.

வேலைக்கு முன் மேடம் ஒரு காரியம் செய்வார். எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, அவரவர் வேலையை அவரவர் தாய்மொழியில் திருப்பிச் சொல்ல வைப்பார். நான் தமிழில் சொன்னேன். வெல்டர் நேபாளியில் சொன்னார். ரஃபிக்கையும் வட்டத்தில் நிறுத்தினார். காற்று எப்போது ஓயும், எந்த அடையாளத்தால் அவருக்குத் தெரியும் என்று அவர் வங்காளியில் சொன்னார். மேடத்துக்கு வங்காளி ஒரு சொல்கூடத் தெரியாது. புரியாத மொழியில் ஏன் கேட்கிறீர்கள் என்று நான் பின்னொரு நாள் கேட்டேன்.

"தெரியாத பாஷையில கள்ளம் பேசினா முகத்துல தெரியும் அண்ணா. கேக்க வார்த்தை இல்லாததால முகத்தைத்தானே பார்ப்பேன்."

அன்று காலை நாங்கள் மேலே போய்க் காத்திருந்தோம். இஸ்மாயில் சுழலும் பாகத்தில், கேபின் வாசலில். நான் அதற்குக் கீழே சுழலாத கோபுரத்தில், சங்கிலிக்குப் பக்கத்தில். காற்று ஓயவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஸ்பேனரால் தட்டித் தட்டிப் பார்த்தேன். கிண். கிண். இன்றைக்கு நடக்காது என்றுதான் நினைத்தேன். அப்போது ரேடியோவில் ரஃபிக்கின் குரல் கேட்டது. "வருகிறது," என்றார்.

தட்டினேன். டொக் என்றது.

செயின் பிளாக்குகளை இறுக்கினோம். பூட்டை அறுத்தேன். முதல் சுற்று கழன்றது. இரண்டாம் சுற்றில் ஒரு கண்ணி இரும்புக்குள் கடித்துக்கொண்டு வர மறுத்தது. உளியை வைத்து அடித்தேன். வரவில்லை.

"அண்ணா," என்று மேடம் ரேடியோவில் அழைத்தார். "கடல் பக்கம் கொடி அசையுது. எவ்வளவு நேரம் வேணும்?"

"தெரியல மேடம்."

வேறு யாராக இருந்தாலும் சீக்கிரம் என்றிருப்பார்கள். அந்தச் சொல் வந்திருந்தால் என் உளி வழுக்கியிருக்கும். அவர் சொன்னது இதுதான்: "சரி. கொடியை நான் பார்த்துக்கறேன். நீங்க சங்கிலியைப் பாருங்க."

என் கவனத்திலிருந்து காற்றை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்தக் கண்ணி ஒன்றுதான் மிச்சம். உளியை மறுபக்கம் திருப்பி வைத்து அடித்தேன். கண்ணி துள்ளி விழுந்தது.

செயின் பிளாக்கைத் தளர்த்தத் தொடங்கினேன். ஒவ்வொரு பல்லுக்கும் கோபுரம் முனகியது. காலடி இரும்பில் அந்த முனகல் ஏறி வந்தது. பிறகு முனகல் நின்றது. கடைசிக் கொக்கியைக் கழற்றினேன். கன்னத்தில் கடல்காற்று பட்டது. கிரேன் கீச்சென்று ஒரு நீண்ட ஒலி எழுப்பி, மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பியது. கேபின் வாசலில் நின்ற இஸ்மாயில் என்னைத் தாண்டி ராட்டினத்தில் போகிறவன் போலச் சுற்றிப் போனான்.

"சுத்துது மாமு," என்றான். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். ஆனால் கண் கலங்கியிருந்தது.

பக்கத்துக் குடியிருப்பில் பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். பழைய சத்தம் திரும்பிவிட்டதே என்று பார்த்திருப்பார்கள். இஸ்மாயில் அன்றே வளையத்துக்கு வயிறு நிறையக் கிரீஸ் வைத்தான். அதற்குப் பிறகு அது சத்தமில்லாமல் திரும்பியது. ரஃபிக் வேலை முடிந்தும் போகாமல், மாலைவரை தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அசையாமல் இருக்கிறதா என்றே இவ்வளவு நாள் பார்த்தேன்," என்றார் என்னிடம். "அசைவது இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது."

பிறகு வேலை பழகிய வேலைதான். பின்பக்க எடைகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை இறக்கி, பூமை இறக்கி, கடைசி எடையை இறக்கி, அப்புறம் கேபின், அப்புறம் கோபுரம். வரிசை தவறினால் சாயும், தவறாவிட்டால் குழந்தை விளையாட்டுப் பொம்மையைப் பிரிப்பது மாதிரி. கோர்ட்டு அதிகாரியின் அலுவலகத்துக்கு மேடம் பலமுறை நடந்து, கம்பெனியிலிருந்து எடுத்து வந்த சாமான்களுக்குள் ரஃபிக்கின் பாஸ்போர்ட்டைத் தேட வைத்தார். கிடைத்தது. ஊருக்குப் போக டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தார். கிளம்புகிற அன்று ரஃபிக் பையோடு வெளியே வந்து, பழக்கத்தில் கேட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சாவியை மேடத்தின் கையில் வைத்தார்.

அந்தச் சின்னக் கம்பெனியில் நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். மூன்று மாதத்துக்கு மேல் வேலை உறுதி என்று ஒருமுறைகூட யாரும் சொன்னதில்லை. சம்பளம் சில மாதம் தள்ளி வரும். வேலையே இல்லாமல் ஊருக்கு வந்து அண்ணன் கடையில் உட்கார்ந்த காலமும் உண்டு. அவர் ஒவ்வொரு முறையும் இடம் கொடுத்தார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. மூன்றாவது கிரேனும் தரைக்கு வந்த அன்று ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன்.

"முடிஞ்சிச்சா? அப்ப கெளம்பி வர்றியா?" என்றாள்.

இன்னொரு வேலை இருப்பதாகச் சொன்னேன். கடலுக்குள் பாதி கட்டி விட்டுப்போன ஒரு பாலத்தில் கிரேன் ஒன்று நிற்கிறது, அதை இறக்க வேண்டும், எத்தனை நாள் என்று தெரியாது, அதற்கப்புறம் என்ன என்றும் தெரியாது என்றேன். கிளினிக்கில் யாரோ இருமுவது கேட்டது. யாருக்கோ டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"தண்ணிக்குள்ளயா கீது?" என்றாள். "அப்ப நீங்க எங்க நின்னுகினு எறக்குவீங்க?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியல ஸ்டெல்லா. போய்ப் பாத்தாதான் தெரியும்."

"சரி," என்றாள். "பாத்துட்டுச் சொல்லு."